பட்டுத் தண்ணீரில் சாக மறுத்தவை

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

இருபத்தொன்பது வயதில் "என் பணி அனுபவத்தில்" என்று ஆரம்பிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்படி ஆரம்பிப்பவர்கள் பொன்னாடை போர்த்திக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒட்டுண்ணி ஆய்வகத்தின் ஓர மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஐந்தரை வருடம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் வேறு ஊர், வேறு வேலை, வேறு நுண்ணோக்கி. டிராயரில் இருக்கும் மார்க்கர் பேனாக்களும் பாதி பாக்கெட் பிஸ்கட்டும் உங்களுக்கே. நோட்டுகளையும் விட்டுவிட்டுப் போகிறேன். நான்காவது நோட்டில் ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செய்முறை எதுவும் சொல்லப் போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆய்வக உதவியாளர் ஜெயசீலி அக்காவைக் கேட்டால் சுவரைவிட நன்றாகச் சொல்வார்.

இங்கே என்ன செய்கிறாய் என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். கேட்டே தீருவார்கள். நான் சொல்லும் பதிலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியின் குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்றை நாம் வளர்க்கிறோம். மனிதர்களுக்குக் காலா அசார் காய்ச்சலைக் கொண்டுவரும் ஒட்டுண்ணிக்கு இது பங்காளி முறை. ஆனால் நம்மை ஒன்றும் செய்யாது. முனையில் ஒரு சாட்டை, அதை அடித்துக்கொண்டு நீந்தும். கூட்டம் பெருத்து உணவு குறைந்தால் இவற்றில் ஒரு பகுதி தானாகவே சுருங்கி, தன் மரபுப் பொருளைத் தானே துண்டு போட்டுக்கொண்டு செத்துப் போகிறது. மொத்த உடம்பும் ஒரே ஒரு செல்தான், அது எதற்காகத் தன்னை முடித்துக்கொள்ள வேண்டும்? பக்கத்தில் இருப்பவை பிழைக்கட்டும் என்றா? இல்லை, சாதாரணச் சாவைப் பார்த்து நாம்தான் திட்டமிட்ட சாவு என்று பெயர் வைக்கிறோமா? இதில் பெரிய பெரிய ஆட்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடித்தது.

நம் ஆய்வகம் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு புரதத்தை. செல்லுக்குள் புரதம் கட்டப்படும்போது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறதே, அந்த நீட்டிப்புக் காரணி. (தறி, நாடா என்று உவமை சொல்ல ஆரணியில் எல்லோருக்கும் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். நமக்கு வழிகாட்டும் மேடம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கிறார்.) கட்டுகிற வேலையில் இருக்கும் இந்த ஆள் சாகிற இடத்திலும் வந்து நிற்கிறான் என்பதுதான் விஷயம்.

நான் சேர்ந்த முதல் வாரம். சித்திரை வெயில். செல் வளரும் குடுவையை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஒரு சாட்டைகூட அசையவில்லை. எல்லாம் உருண்டையாகிக் கிடந்தன. மேடம் அறைக்கு ஓடி, "மேடம், திட்டமிட்ட சாவு!" என்றேன். அவர் வந்து குடுவையைத் தொட்டுப் பார்த்தார். டீ டம்ளர் மாதிரி சூடாக இருந்தது.

"அதுவா செத்துச்சா, நீ கொன்னியாம்மா?"

திட்டவில்லை. அந்த ஒரு கேள்விதான். அதை நான் அன்றைக்கே சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் நான்காவது நோட்டில் மூலை மடித்த பக்கம் இருந்திருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த மேசைக்கு எதிர் மேசையில் ஏழுமலை அண்ணன் இருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். தேசூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர் தெருவில் முனைவர் பட்டத்தின் பக்கம் வந்த முதல் ஆள் அவர்தான். "எங்க தெருவுல டாக்டர்னு சொன்னா ஊசி போடச் சொல்லுவாங்க எழிலு, அத்தயும் கத்துகினு தான் போவணும்" என்பார்.

நீட்டிப்புக் காரணியை வழக்கத்தைவிட அதிகமாகச் செய்யும்படி மாற்றிய செல்களை அவர்தான் உருவாக்கினார். மூன்று வருட உழைப்பு. அந்தச் செல்களைப் புது உணவு கொடுக்காமல் கூட்டமாகப் பசியில் விட்டால், சாதாரணச் செல்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே இவை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. அந்தப் புரதம் மிகுந்தால் சாவு முன்கூட்டியே வருகிறது. அதுதான் அவருடைய ஆய்வேடு. போளூர் பக்கம் ஒரு கல்லூரியில் அவருக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இல்லையென்றால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

மாற்றுக் கை பற்றி மேடம் உங்களிடம் சொல்லியிருப்பார். யாருடைய ஆய்வேடும் வெளியே போவதற்கு முன், அதன் முக்கியமான சோதனையை இன்னொருவர் கையால் செய்து பார்க்க வேண்டும். ஏழுமலை அண்ணனுக்கு மாற்றுக் கை நான்.

சரியாக அந்த நேரத்தில் சீரம் தீர்ந்தது. செல்களின் உணவில் கலக்கும் கன்றுக்குட்டிச் சீரம். வந்த பார்சலில் ஐஸ் முழுக்க உருகியிருந்தது, மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தது வர இரண்டு மூன்று வாரமாகும் என்றார்கள். நமக்கோ மாதக் கடைசி ஓடிவருகிறது. அப்போது என் மூளை சுறுசுறுப்பானது. இந்தச் சுறுசுறுப்பு உங்களிடமும் இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். சாயம் ஏற்றுவதற்கு முன் கச்சா பட்டு நூலை வேகவைத்து அதன் பசையை எடுப்பார்கள் இல்லையா, அந்தப் பசை ஒரு புரதம். விலங்குச் செல்களை வளர்ப்பவர்கள் சிலர் சீரத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துவதாக எங்கோ படித்திருந்தேன்.

ஜெயசீலி அக்கா சேவூர்க்காரர். அவர் கணவர் வீட்டில் இன்னும் நான்கு தறி ஓடுகிறது.

"அக்கா, உங்க வீட்ல கச்சா பட்டு கழிவு இருக்குமா?"

"மூட்டையே கீது. இன்னாத்துக்கு?"

"சோப்பு, சோடா ஒண்ணும் போடாம வெறும் தண்ணில வேக வெச்சி, அந்தத் தண்ணிய செல்லுக்குப் போடலாம்னு."

"செல்லுக்குப் பட்டுப்பொடவ கட்டப் போறியா?"

"சாப்பாடுக்கா."

"அடக் கர்த்தரே. நாங்க சாக்கடைல ஊத்தறத அதுங்க துன்னுமா?"

தின்றன. நன்றாகத் தின்றன. இரண்டு நாளில் குடுவை கலங்கலாகும் அளவுக்குப் பெருகின. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிருமி நீக்கிய பாட்டில் குறைவாக இருந்ததால் அக்கா அந்தத் தண்ணீரைப் பழைய சீரம் பாட்டிலில் ஊற்றி வைத்தார். லேபிள் அப்படியே இருந்தது. நான் மாற்றுக் கை சோதனையை ஆரம்பித்தேன். நோட்டில் செல்களின் உணவைக் குறிக்கும் இடத்தில் எழுதினேன்: "ஊடகம்: வழக்கம்போல்."

ஏன் அப்படி எழுதினேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மறைக்க வேண்டும் என்று எழுதவில்லை, சத்தியமாக. வேறு ஊர்க்காரர் ஒருவர் இதைச் செய்திருந்தால் பட்டுத் தண்ணீர் என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டிருப்பார். எனக்கு அது பள்ளிக்கூடம் போகும் வழியில் தாண்டிக் குதித்த தண்ணீர். அதை ஒரு பொருளாகவே என் கை நினைக்கவில்லை.

முடிவு வந்தது. ஏழுமலை அண்ணனின் செல்கள் சாகவில்லை. பசியில் விட்டேன், சாகவில்லை. மறுபடி செய்தேன், இல்லை. மூன்றாவது முறையும் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு ஜாலியாக நீந்தின. சாதாரணச் செல்களும் நீந்தின, அவை நீந்த வேண்டியவைதான் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. சந்தோஷமாக இருந்தது. புதிதாக ஒன்று, அதுவும் என் கையில்! ஒரு கருத்தரங்குக்கு என் பெயரில் சுருக்கம்கூட எழுதி அனுப்பிவிட்டேன்.

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஏழுமலை, ரெண்டு கை ரெண்டு பதில் சொல்லுதுப்பா. நான் எதுல கையெழுத்து போடறது?" அவர் குரலில் கோபம் இல்லை, வலி இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, சமர்ப்பிப்புக்கு முந்தைய கருத்தரங்கம். வேலூரிலிருந்து நிபுணர் வருகிறார். குழு முடிவு செய்யட்டும் என்றார். குழு என்ன சொல்லும் என்று மூவருக்கும் தெரியும். ஆறு மாதம் எடுத்துத் திருப்பிச் செய்யுங்கள் என்று சொல்லும்.

ஏழுமலை அண்ணன் சண்டை போடவில்லை. "உன் நோட்ட குடும்மா, ஒரு வாட்டி பாக்கறேன்" என்றார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார்.

"வழக்கம்போல்னா இன்னா?"

நான் பைப்பெட்டில் கண் வைத்திருந்தேன். திரும்பக்கூட இல்லை. "எப்பவும் போடறது தாண்ணா. சீரம்."

இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது. வாய் தானாகச் சொன்னது. பாட்டிலிலும் அப்படித்தானே எழுதியிருந்தது. அவர் என்னை நம்பி நோட்டை மூடினார். அதன்பிறகு பத்து நாள் தன்னுடைய சோதனைகளையே முதலிலிருந்து கிளறிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எழிலு, மேடம் கேப்பாங்களே, அதுவா செத்துச்சா நீ கொன்னியான்னு. மூணு வருசமா நான் தான் எதயோ பண்ணி கொன்னுகினு இருந்தனோ?"

"அப்பிடிலாம் இல்லண்ணா" என்றேன். அது ஒரு பதிலா?

சனிக்கிழமை சீரம் வந்து சேர்ந்தது. நான் சுருக்கம் அனுப்பியிருந்த கருத்தரங்குக்கு அழகான வரைபடம் வேண்டும் என்று நான் நான்காவது முறை சோதனை போட்டிருந்தேன். திங்கள் காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஏழுமலை அண்ணனின் செல்கள் உருண்டு, சுருங்கி, சாட்டை நின்று கிடந்தன. சாதாரணச் செல்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவர் ஆய்வேட்டில் இருக்கும் படம் அப்படியே.

"அக்கா, இதுல இன்னா ஊத்தினீங்க?"

"சீரம் தான். வந்துட்ச்சே. பட்டுத்தண்ணி ஆயிப்போச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "ஏன், பேயறஞ்ச மாரி நிக்கற?"

நோட்டைப் புரட்டினேன். வழக்கம்போல். வழக்கம்போல். வழக்கம்போல். மூன்று முறை.

தீர்ந்துவிட்டதாக அக்கா சொன்னாலும், ஒரு விரற்கடை பட்டுத் தண்ணீர் பாட்டிலின் அடியில் மிச்சம் இருந்தது. ஏழுமலை அண்ணனின் செல்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதிக்குச் சீரம், மறுபாதிக்குப் பட்டுத் தண்ணீர். ஒரு நாள் பசி. செவ்வாய் காலைதான் தெரியும். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அன்று மதியம் முழுக்கப் பக்கத்து அறையில் ஏழுமலை அண்ணன் தன் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தடுக்கியது. என்ன இடம் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு எண்ணினேன். சீரத்தில் இருந்தவை சுருங்கியிருந்தன. பட்டுத் தண்ணீரில் இருந்தவை நீந்தின. ஜெயசீலி அக்காவையும் எண்ணச் சொன்னேன், நான் எண்ணியதைச் சொல்லாமல். அதேதான்.

மேடத்திடம் ஓடினேன். நிபுணரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவர் நிபுணரோடு திரும்பி வந்தபோது ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அவர்கள் நுழைந்ததும் ஏழுமலை அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

அவர் தனக்கு எதிரான முடிவையும் ஸ்லைடில் போட்டிருந்தார். யாரும் போடச் சொல்லவில்லை. "மாற்றுக் கையில் இது வரலீங்க. ஏன்னு எனக்குத் தெரியல. நான் பண்ணதுல தப்பு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்தார்.

நான் எழுந்தேன். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்த வாக்கியம் இதுதான்: "சார், என் சோதனைல சீரத்துக்குப் பதிலா வேற ஒண்ணு பயன்படுத்தப்பட்டிருந்தது."

பயன்படுத்தப்பட்டிருந்தது! தானாக நடந்து வந்து பாட்டிலுக்குள் விழுந்த மாதிரி.

நிபுணர் விவரம் கேட்டார். சொன்னேன், காலையில் எண்ணியதையும் சொன்னேன். ஜெயசீலி அக்கா இரண்டு குடுவைகளையும் அந்தப் பாட்டிலையும் எடுத்து வந்து வாசலருகே நின்றார். நிபுணர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல சீரம்னு இருக்கு. உள்ள வேற. இது யார் வேல?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். ஊடகம் தயாரிப்பது அவர்தானே. ஒப்பந்த வேலை, வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். அந்த மௌனம் என்னிடம் ஒரு இரண்டு நொடி இருந்தது. இரண்டே நொடிதான் என்று நம்ப விரும்புகிறேன்.

"யோசன என்னோடது சார். வேக வெக்கச் சொன்னது நான். நோட்ல எழுதாதது நான். ஏழுமலை அண்ணா கேட்டப்ப சீரம்னு சொன்னதும் நான் தான்."

"பாட்டிலு நான் குடுத்ததுங்க சார்" என்றார் ஜெயசீலி அக்கா பின்னாலிருந்து. "லேபிள கிழிச்சிருக்கணும்."

நிபுணர் மேடத்தைப் பார்த்தார். "உங்க டிபார்ட்மெண்ட்ல விசாரணையே தேவையில்ல போலிருக்கே மேடம்." ஹாலில் சிரிப்பு வந்தது. ஏழுமலை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திரையில் இருந்த தன் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமும் தன் கை அவற்றைக் கொல்லவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் நிபுணர் விடவில்லை. "சரிப்பா. புரதம் மிகுந்தா சாவு சீக்கிரம் வருதுன்னு எழுதியிருக்கீங்க. பட்டுத் தண்ணில அதே புரதம் மிகுந்துதான் இருக்கு, சாவு வரல. அப்ப உங்க முடிவு தப்பாயிடுச்சே?"

காப்பாற்ற எழுந்தவள் கவிழ்த்துவிட்டேனா?

ஏழுமலை அண்ணன் தன் முடிவு இருந்த ஸ்லைடுக்குத் திரும்பப் போனார். "தப்பு இல்லீங்க சார், பெருசா சொல்லிட்டேன். புரதம் மட்டுமே முடிவு பண்ணுதுன்னு எழுதிட்டேன். அது கத்தி எடுத்து குடுக்குது, அவ்ளோ தான். வெட்டணுமா வேணாமான்னு வெளிய இருக்கிற சாப்பாட்டயும் பாத்துதான் செல்லு முடிவு பண்ணுது. அப்ப அது வெறும் சாவு இல்ல சார், முடிவு பண்ண சாவு. இத்த நான் கடைசி அத்தியாயத்துல எழுதறேன். எனக்கு நாலு நாளு போதும்."

நிபுணர் தலையை மெதுவாக ஆட்டினார். மேடம் பேனாவின் மூடியைத் திறந்தார்.

சாயங்காலம் கல்லூரி எதிரே டீக்கடையில் நின்றோம்.

"நான் கேட்டப்ப சீரம்னு சொன்னியே."

"ஆமாண்ணா."

"பத்து நாளு என்ன நானே நம்பலம்மா. பஸ்ல வரும்போது எறங்கிப் போயிடலாம்னு கூட தோணிச்சி."

அவர் என் டம்ளரைச் சுட்டினார். "குடி. ஆறிப்போவுது. நாலு நாள்ல ஒரு அத்தியாயம் எழுதணும், நீ தான் டைப் அடிக்கப்போற."

அடித்தேன். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ஆய்வேடு போனது. கருத்தரங்குக்கு அனுப்பிய என் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஜெயசீலி அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து அவர் காலிப் பாட்டில் கையில் கிடைத்தால் முதலில் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். நோட்டில் "வழக்கம்போல்" என்று எழுதாதீர்கள். உங்கள் மூவரில் ஒருவர் இதே ஊர் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் எழுதும் பக்கத்தை, வெளியூரிலிருந்து வரும் மற்ற இருவரில் ஒருவரிடம் கொடுத்து விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் "இது இன்னா?" என்று கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பட்டுத் தண்ணீர் ஏன் அவற்றைச் சாக விடவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியாது. பசியே எடுக்காதபடி வயிற்றை நிரப்புகிறதா, சாவின் சமிக்ஞையை எங்காவது வழிமறிக்கிறதா? ஐந்தரை வருடத்தில் நான் முடிக்காமல் போவது அதுதான். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

போன மாதம் ஏழுமலை அண்ணன் போன் செய்தார். இப்போது அவர் துறையில் அவரை எல்லோரும் சார் என்கிறார்கள்.

"எழிலு, எங்க பிள்ளைங்களுக்கு ஒரு சோதனை செஞ்சி காட்டணும். ஒரு பாட்டில் பட்டுத்தண்ணி கெடைக்குமா?"

"ஜெயசீலி அக்கா கிட்ட சொல்லி ஜல்தியா அனுப்பறேண்ணா."

"அனுப்பு. லேபிள மட்டும் நீ எழுது."

எழுதினேன். அக்கா இரண்டு பாட்டிலாக வேகவைத்துவிட்டதால் இரண்டு லேபிள் எழுத வேண்டியிருந்தது. ஒன்று போளூர் பஸ்ஸில் போயிற்று. மற்றது உங்கள் குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது: "பட்டுத் தண்ணீர். சீரம் அல்ல. வேகவைக்கச் சொன்னது எழிலரசி."